பாவையா, பெண்ணா?

கொல்லிமலையைப் பாடிய சங்கப் புலவர்கள் அம்மலையின் வளத்தை மட்டும் பாடி அமையவில்லை. அங்கே நின்ற ஒரு பாவையையும் பாடினார்கள். அது பூதம் ஒன்று அமைத்த பாவை என்பது நற்றிணை தரும் செய்தி. காற்று மோதினும், மழை பொழியினும், இடி விழினும் தன் அழகு குன்றாமல் நிற்பது அதன் இயல்பு என்றும் அந்நூல் கூறும். பின்வந்த வழக்குகள் கதையை மேலும் வளர்த்தன. வருவோரைக் கண்டு பாவை நகைக்கும் என்றும், அந்நகைப்பில் மயங்கியவர் உயிரிழப்பர் என்றும் மக்கள் சொல்லி வந்தனர். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் வாழும் எங்களுக்கு இது புதிய கதை அன்று.

இக்கதையில் ஒன்று எண்ணத்தக்கது. பாவைக்கு அழகு உண்டு, அசைவு உண்டு, நகைப்பும் உண்டு. பேச்சு மட்டும் இல்லை. அவளைப் பற்றி வழங்கும் சொற்கள் யாவும் கண்டவர் சொன்னவை. கண்டவரிடம் கேட்டவர் சொன்னவை. கண்டவன் மயங்கினால் அது அவள் செய்த மாயம். அஞ்சினால் அது அவளுடைய கொடுமை. பார்ப்பவனின் ஆசையும் அச்சமும் அவள் மீது ஏற்றப்பட்டன. மறுத்துரைக்க அவளுக்கு வாய் இல்லை.

நம் காலத்தில் திரைப்படமும் தொலைக்காட்சியும் செய்தித்தாளும் கைப்பேசியும் வடித்துத் தரும் இஸ்லாமியப் பெண்ணின் உருவத்தைக் காணும்போதெல்லாம் இப்பாவை நினைவுக்கு வருகின்றாள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. ஏறத்தாழ ஒரே அளவான இரு சிறுபான்மையினர். ஆயினும் நம்முள் எத்தனை பேர் ஓர் இஸ்லாமியப் பெண்ணின் இல்லத்தில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டிருக்கின்றோம்? திரையில் கண்டதை விட்டுவிட்டால் நாம் அறிந்தது என எஞ்சுவது எவ்வளவு? இவ்வினாக்களிலிருந்து ஓர் அறநெறி வினா பிறக்கின்றது. பேசவிடாமல் ஒருவரைச் சித்திரித்தல் பிழையா? பிழையெனில் அது எவ்வகைப் பிழை? சித்திரிப்பவருக்கு மட்டும் உரியதா, கண்டு நம்புகின்ற நமக்கும் பங்கு உண்டா?

திரையில் நின்ற பாவைகள்

தமிழ்த் திரைப்படம் இஸ்லாமியப் பெண்ணை முதலில் பாக்தாத் நகரத்துக் கனவாகவே கண்டது. ‘குலேபகாவலி’ (1955), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), ‘பாக்தாத் திருடன்’ (1960) ஆகிய படங்களின் உலகம் பட்டும் மெல்லிய திரையும் ஆடலும் நிறைந்த உலகம். அங்குள்ள பெண்ணுக்கும் நாகூரிலோ கீழக்கரையிலோ வாணியம்பாடியிலோ அடுப்பெரித்துப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கும் ஓர் உறவும் இல்லை.

1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ வேறு வகையானது. இந்துக் குடும்பத்தில் பிறந்த குழந்தை இஸ்லாமியப் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டு ரஹீம் ஆகின்றது. மும்மதத்தாரும் ஒரே வாழ்வில் பின்னிக் கிடப்பதை அப்படம் மனம் நெகிழக் காட்டியது. அதில் வரும் இஸ்லாமியப் பெரியவர் நம் நினைவில் நிற்கின்றார். அவருக்கு இணையாக நினைவில் நிற்கும் இஸ்லாமியப் பெண் எவரும் அதில் இல்லை.

1990களில் காலம் மாறியது. ‘ரோஜா’ (1992) படத்தில் தீவிரவாதியின் தங்கை சிறைப்பட்டவனுக்கு இரக்கம் காட்டித் தப்பிக்க வழி செய்கின்றாள். நற்பண்பு உடையவள், ஆனால் பேச்சு மிகக் குறைவு. ‘பம்பாய்’ (1995) படத்தில் காற்று முகத்திரையை விலக்க, கதைத்தலைவன் ஷைலா பானுவை முதன்முதல் காண்கின்றான். அப்படத்தின் நோக்கம் மதநல்லிணக்கம் என்பதில் ஐயமில்லை. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் அம்மாநகரில் நிகழ்ந்த படுகொலைகளை நேருக்கு நேர் காட்டிய துணிவும் அதற்கு உண்டு. ஆயினும் திரை விலகினால்தான் அவள் ஒருத்தி ஆகின்றாள் என்னும் எண்ணம் அக்காட்சியால் பார்ப்பவர் நெஞ்சில் பதிந்துவிடுகின்றது. திரைக்குப் பின்னே ஏற்கெனவே ஒரு மனம், ஒரு நம்பிக்கை, ஒரு நகைச்சுவை, ஒரு கோபம் இருந்தன என்பது மறந்து போகின்றது.

அதன் பின்னர் வந்த பல படங்களில் அவள் தீவிரவாதியின் தாயாகவோ மனைவியாகவோ சுவர் ஓரம் நின்று அழுதாள். ஆக அவளுக்குக் கிடைத்த வேடங்கள் மூன்று: கவர்கின்ற கனவு, காப்பாற்றப்பட வேண்டிய அடிமை, அஞ்சத்தக்க கூட்டத்தின் நிழல். வேடங்கள் வேறுபட்டாலும் அவற்றின் அடித்தளம் ஒன்றே. மூன்றிலும் அவள் படர்க்கையில் நிற்கின்றாள்.

தமிழ் இலக்கணம் இடம் மூன்று என வகுக்கும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. ‘நான்’ என்று பேசுபவரும் ‘நீங்கள்’ என்று அழைக்கப்படுபவரும் உரையாடலுக்கு உள்ளே இருப்பவர்கள். ‘அவள்’ என்று சுட்டப்படுபவள் வெளியே இருக்கின்றாள். யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் 1923இல் வெளியிட்ட ‘நானும் நீயும்’ என்னும் நூல் மனித உறவு முழுவதையும் இந்த வேறுபாட்டின் மீதே நிறுத்தியது. ஒருவரை எப்போதும் படர்க்கையிலேயே வைத்துப் பேசினால் காலப்போக்கில் அவர் பொருளாகிவிடுகின்றார். 2021 சூலையிலும் 2022 சனவரி முதல் நாளிலும் கணினி வலையில் முளைத்த இரு செயலிகள், இஸ்லாமியப் பெண்கள் பலருடைய நிழற்படங்களை ‘ஏலத்துக்கு’ வைத்தன. அதன் தொடர்பில் கைதானவர்களுள் கல்லூரி மாணவரும் இருந்தனர். உயிருள்ள பெண்ணை விலைப்பொருளாக எண்ணும் துணிவு ஓர் இரவில் பிறப்பதில்லை. நெடுங்காலம் பாவையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது விளையாட்டாகத் தோன்றும்.

சேலத்திற்கு வந்த ஒரு மாணவி

நம் மறைமாவட்டத்தின் தலைநகராகிய சேலத்தையே தொட்ட ஒரு வழக்கு இங்கு எண்ணத்தக்கது. கேரளத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் சேலத்தில் ஓமியோபதி மருத்துவம் பயின்றார். இந்துக் குடும்பத்தில் பிறந்த அவர் இஸ்லாத்தைத் தழுவி ஹாதியா என்னும் பெயர் பெற்றார். பின்னர் இஸ்லாமியர் ஒருவரை மணந்தார். 2017 மே 24 அன்று கேரள உயர்நீதிமன்றம் அத்திருமணத்தைச் செல்லாது என்று தள்ளி, அவரைப் பெற்றோரின் பொறுப்பில் ஒப்படைத்தது. அப்போது அவர் இருபது வயதைக் கடந்தவர். அதன் பின் பல திங்கள்கள் அவர் அவ்வில்லத்திலேயே இருந்தார். அக்காலமெல்லாம் தொலைக்காட்சி விவாதங்கள் நடந்தன. மூளைச்சலவை செய்யப்பட்டவர் என்றனர் சிலர். சமயச் சுதந்திரத்தின் வீராங்கனை என்றனர் சிலர். அவரைப் பற்றி நாடே பேசியது. அவரிடம் பேசியோர் மிகச் சிலர்.

2017 நவம்பர் 27 அன்று உச்சநீதிமன்றம் திறந்த அவையில் அவரையே கேட்டது. தமக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதும், படிப்பைத் தொடர வேண்டும் என்பதும் அவருடைய விடை. நீதிமன்றம் அவரைச் சேலத்துக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்பியது. 2018 மார்ச் 8 அன்று உயர்நீதிமன்றத் தீர்ப்பை நீக்கித் திருமணத்தை உறுதி செய்தது.

அவருடைய சமய மாற்றத்தைப் பற்றி நமக்கு எக்கருத்தும் இருக்கலாம். பெற்ற தந்தையின் துயரத்தை எண்ணி நெஞ்சம் கலங்கலாம், அதுவும் இயல்பே. நம் பிள்ளை ஒருவர் நம் நம்பிக்கையை விட்டு அகன்றால் நாமும் அழுவோம். ஆயினும் வயது வந்த ஒருவரின் வாழ்வைக் குறித்த வழக்கில் அவருடைய சொல் முதலில் கேட்கப்படுவதற்கு மாறாக இறுதியில் கேட்கப்பட்டது ஏன்? அவர் பேசுமுன்பே அவரைப் பற்றிய கதை எழுதி முடிக்கப்பட்டிருந்தது என்பதே அதற்கு விடை.

எட்டாம் கட்டளை

பிறர்க்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் இறைக்கட்டளையை நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தோம். அதைப் பெரும்பாலும் ‘பொய் பேசாதே’ என்று சுருக்கிவிடுகின்றோம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதனினும் ஆழமாகச் செல்கின்றது. பிறருடைய நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களை அது பிரித்துக் காட்டுகின்றது. போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குறை உண்டென மனத்துக்குள் ஏற்றுக்கொள்வது முதலாவது. ஒருவரிடம் உண்மையிலேயே உள்ள குறையைத் தக்க காரணமின்றி அறியாதவர்க்கு வெளிப்படுத்துவது இரண்டாவது. உண்மைக்கு மாறானதைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. வள்ளுவரும் இவ்வகைக் குற்றத்தை எளிதாக விடவில்லை. புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

இம்மூன்று அளவுகோல்களும் அண்டை வீட்டாரைப் பற்றித் திண்ணையில் பேசுவோருக்கு மட்டும் உரியவை அல்ல. கோடிக்கணக்கானோர் காணும் திரைக்கும் அவை பொருந்தும். அங்கே சான்று சொல்பவர் ஒருவர், கேட்பவர் பல்லாயிரவர், குற்றம் சாட்டப்படுபவர் அவையிலேயே இல்லை.

திரையைக் கண்டு தீர்ப்பளித்தல்

முதற்குற்றம் விரைந்த தீர்ப்பு. தலையை மூடிய ஓர் இஸ்லாமியப் பெண்ணைக் கண்டவுடன் ‘பாவம், அடக்கப்பட்டவள்’ என்று ஒரு மனம் சொல்கின்றது. ‘மதவெறி கொண்டவள்’ என்று மற்றொரு மனம் சொல்கின்றது. ஒரு முழத் துணியைக் கொண்டே இரு தீர்ப்பும் எழுதப்படுகின்றன.

2021 டிசம்பர் இறுதியில் உடுப்பியின் ஓர் அரசுக் கல்லூரியில் தொடங்கிய முக்காடு வழக்கு 2022 மார்ச் 15 அன்று கருநாடக உயர்நீதிமன்றத்தில் மாணவியருக்கு எதிராக முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதியரசர் இருவர் மாறுபட்ட இரு தீர்ப்புகளை வழங்கினர். நம் தமிழ்நாட்டிலும் 2022 பிப்ரவரி 19 அன்று மேலூர் நகராட்சித் தேர்தலில், முக்காடு அணிந்து வாக்களிக்க வந்த ஒரு பெண்மணியை ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவர் தடுத்தார். அங்கிருந்த ஏனைய கட்சி முகவர்களும் அலுவலர்களும் அதனை ஏற்கவில்லை. தடுத்தவரே வெளியேற நேர்ந்தது. இச்செய்தி நமக்குப் பெருமை தருவது.

கத்தோலிக்கராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணல் வேண்டும். நம் ஆலயங்களில் நாம் வணங்கும் அன்னை மரியாவின் திருவுருவங்களுள் தலை மூடப்படாதவை எத்தனை? நமக்குக் கல்வி தந்த கன்னியர் பலரின் தலையில் இருந்தது என்ன? அதனை நாம் அடிமைத்தனத்தின் அடையாளம் என்று கருதியதில்லை. அர்ப்பணத்தின் அடையாளம் என்றோம். அவர்களை நாம் அறிந்திருந்தோம், அவர்களோடு பேசியிருந்தோம். ஆகவே துணிக்கு அப்பால் உள்ள ஆளைக் கண்டோம். கட்டாயத்தின் பேரில் மூடும் பெண்களும் இருக்கின்றனர் என்பது உண்மையே. விரும்பி மூடுவோரும் உளர். இதில் இன்னவர் எவ்வகையினர் என்பதை அவரைக் கேட்டாலன்றி அறிய வழியில்லை.

திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கொரு பாடம் உண்டு. மகதலா மரியாவைப் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கி 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மறையுரை ஆற்றினார். மகதலா மரியா விலைமகள் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. ஆயினும் மேற்கத்திய ஓவியமும் நாடகமும் பின்னர்த் திரைப்படமும் அவரை அவ்வாறே வரைந்தன. 2016இல்தான் திருத்தந்தை பிரான்சிசு அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுடைய நாள்களுக்கு ஒப்பான விழாவாக உயர்த்தினார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு அறிவித்த ஒருவர் பதினான்கு நூற்றாண்டுக் காலம் தவறான வேடத்தில் நின்றார். புனிதை ஒருவருக்கே இந்நிலை எனில், அயல் சமயத்துப் பெண்ணின் சித்திரத்தை நாம் எத்துணை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும்!

உண்மையும் புறங்கூறலும்

இரண்டாம் குற்றம் நுட்பமானது. ‘இஸ்லாமியக் குடும்பங்களில் பெண்ணுக்குத் துன்பம் இல்லையா? அதைச் சொல்வது எவ்வாறு குற்றமாகும்?’ என்று நேர்மையான வாசகர் கேட்பார். துன்பம் உண்டு. பருவமடைந்தவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமியர் உண்டு. ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மூன்று சொற்களால் தெருவுக்கு வந்த மனைவியர் உண்டு. இதனை மறைப்பது அறமாகாது. மறைத்தால் துன்புறுபவருக்கு நாம் இரண்டாம் முறை தீங்கு செய்தவராவோம்.

அவ்வாறாயின் சொல்லுதற்குரிய தக்க காரணம் எது? மூன்று வினாக்களால் இதனைத் தெளியலாம். யார் சொல்கின்றார்? யாருக்காகச் சொல்கின்றார்? சொன்னபின் யாருடைய கை வலுப்பெறுகின்றது? மருத்துவர் புண்ணைத் திறப்பதும் வழிப்போக்கர் புண்ணைச் சுட்டிச் சிரிப்பதும் ஒன்றாகா. இரண்டிலும் வெளிப்படுவது அதே புண்தான்.

துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர் கவிஞர் சல்மா. பதின்மூன்றாம் வயதளவில் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. வீட்டுக்குள்ளேயே இருத்தி வைக்கப்பட்டார். மறைவாக எழுதினார், புனைபெயரில் வெளியிட்டார். 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் அவருடைய நாவல் அந்த வீடுகளின் இருளை அஞ்சாது காட்டுகின்றது. அவருடைய எழுத்துக்குத் தம் சமூகத்துக்குள் எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் அந்நூலைப் படித்து முடித்தவருக்கு இஸ்லாமியர் மீது வெறுப்பு மிஞ்சுவதில்லை. அதிலுள்ள பெண்கள் அழுவதோடு அமைவதில்லை. பொறாமைப்படுகின்றனர், கேலி பேசுகின்றனர், ஆசைப்படுகின்றனர், ஒருவரையொருவர் தாங்குகின்றனர். நம் வீட்டுப் பெண்களை அங்கே காண்கின்றோம். துன்பத்தைச் சொல்லியும் ஆளை இழக்காத சித்திரம் அது.

புதுக்கோட்டையில் தாவூது ஷரீஃபா கானம் செய்த பணியும் இத்தகையது. குடும்ப வழக்குகளை ஆண்கள் மட்டும் கூடிய ஜமாஅத்துகள் பெண்ணைக் கேளாமலே தீர்த்து வந்தமை கண்டு, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத்தை அவர் அமைத்தார். முத்தலாக் முறையை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர்களும் இஸ்லாமியப் பெண்களே. 2017 ஆகஸ்ட் 22 அன்று அம்முறை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தம் வீட்டின் இருளில் விளக்கேற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். ‘அவளை யார் காப்பாற்றுவது?’ என்று வெளியில் வாதிட்ட பலரும் அவர்கள் ஏற்கெனவே எழுந்து நடப்பதைக் கவனிக்கவில்லை.

எண்ணும் அவதூறும்

மூன்றாம் குற்றத்தைப் பற்றிப் பேசுகையில் நம் இல்லத்துச் செய்தி ஒன்றையும் பேச வேண்டியுள்ளது.

2023 மே 5 அன்று ‘தி கேரளா ஸ்டோரி’ என்னும் படம் வெளியாயிற்று. கேரளத்திலிருந்து 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுத் தீவிரவாதத்துக்கு இட்டுச் செல்லப்பட்டனர் என்பது அதன் முன்னோட்டம் பரப்பிய செய்தி. வழக்குகள் எழுந்தபின் அக்குறிப்பு ‘மூன்று பெண்கள்’ என்று மாறியது. அந்த எண்ணிக்கைக்கு நம்பத்தக்க தரவு இல்லை என்றும் படம் புனைவு என்றும் அறிவிப்பு இடவேண்டும் என 2023 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பணித்தது. அறிவிப்பு ஒரு நொடியில் திரையில் வந்து மறையும். 32,000 என்னும் எண்ணோ கேட்டவர் நெஞ்சை விட்டு எளிதில் மறையாது. கேரளத்திலிருந்து தீவிரவாதம் நாடிச் சென்ற பெண்கள் சிலர் உண்டு. அது துயரமான உண்மை. அச்சிலரைப் பல்லாயிரவராக்கியது உண்மை ஆகாது.

2024 ஏப்ரலில் கேரளத்தின் இடுக்கி மறைமாவட்டம் தன் விடுமுறை மறைக்கல்வி வகுப்புகளில் மேல்வகுப்பு மாணவர்க்கு இப்படத்தைக் காட்டியது. இளைஞரைக் காதல் வலைகளிலிருந்து காக்கும் நோக்கம் என்பது அவர்கள் தந்த விளக்கம். பிள்ளைகளைக் காக்கும் கவலை உண்மையானது. அதை ஐயுறத் தேவையில்லை. ஆயினும் எட்டாம் கட்டளையைக் கற்பிக்கும் அதே வகுப்பறையில், ஆதாரமற்ற எண்ணிக்கையால் பெயர்பெற்ற ஒரு சித்திரத்தைப் பாடமாக வைக்கலாமா? அச்சத்தைக் கொண்டு நம்பிக்கையை வளர்க்க இயலுமா? அதே திங்களில் எர்ணாகுளம்–அங்கமாலி உயர்மறைமாவட்டத்தின் ஒரு பங்கு, மறுமொழியாக மணிப்பூரின் துயரத்தைக் கூறும் ஆவணப்படத்தைத் திரையிட்டது. திருச்சபைக்குள்ளேயே மனச்சான்று இருவேறாகப் பேசியது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க இயலாது. 2025 சூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் இரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த அருட்சகோதரியர் இருவர் கைது செய்யப்பட்டனர். இளம்பெண்களை மதம் மாற்றக் கடத்திச் செல்கின்றனர் என்பது குற்றச்சாட்டு. அப்பெண்கள் வேலைக்காகத் தம் விருப்பத்துடனேயே சென்றனர் என்று அவர்களின் குடும்பத்தார் கூறினர். ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் ‘தி கேரளா ஸ்டோரி’ இயக்குநர் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். ஆகஸ்ட் 2 அன்று அச்சகோதரியர் பிணையில் வெளிவந்தனர்.

இரு கதைகளின் எலும்புக்கூடு ஒன்றே. அறியாப் பெண், அவளை மயக்கும் அயல் சமயத்தார், அவளைக் காக்க எழும் கூட்டம். முதற்கதையில் மயக்குபவர் இஸ்லாமியர். இரண்டாவதில் நம் கன்னியர். இரண்டிலும் நடுவில் நிற்கும் பெண்ணுக்குச் சொந்த அறிவும் விருப்பமும் உண்டு என்று எவரும் கருதவில்லை. பிறர்க்கு எதிராக நாம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் நம்மை அளக்க வருங்காலம் தொலைவில் இருப்பதில்லை. நமக்கும் அது நேரும் என்பதனால் மட்டும் நாம் அவதூறை வெறுக்க வேண்டியதில்லை. நமக்கு நேராவிட்டாலும் அது பாவமே. ஆனால் நமக்கு நேர்ந்தபின்னும் அதன் வலியை உணரவில்லையெனில் நாம் எதைக் கற்றோம்?

தடை மருந்தாகுமா?

இவ்வளவும் சொன்னபின், இத்தகைய படங்களைத் தடை செய்துவிடலாமே என்னும் எண்ணம் எழலாம். தடையால் இஸ்லாமியப் பெண்ணுக்குப் பேச்சு வந்துவிடுமா? 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் இரு வாரக் காலம் தடை இருந்தது. பிப்ரவரி 7 அன்று படம் வெளியாயிற்று. அச்சலசலப்பில் எழுந்த குரல்களுள் பெண்குரல் எத்தனை? 2023 மே 12 அன்று வெளியான ‘ஃபர்ஹானா’, குடும்பத் தேவைக்காக வேலைக்குச் செல்லும் ஓர் இஸ்லாமியப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்திய அரிய தமிழ்ப்படம். அதனையும் சில அமைப்புகள் எதிர்த்தன. நடித்தவரின் இல்லத்துக்குக் காவல் இட வேண்டியதாயிற்று. அப்படத்தில் குறைகள் இருக்கலாம். ஆயினும் அவள் உழைப்பதையும் தடுமாறுவதையும் முடிவெடுப்பதையும் காட்டுவதே இழிவு என்று கருதினால், அவளைப் பாவையாகவே வைத்திருக்க விரும்புவோர் இருபுறமும் உள்ளனர் என்றாகின்றது. அயலார் அவளை அச்சத்தால் ஊமையாக்குகின்றனர். தம்மவர் சிலர் மானத்தின் பெயரால் ஊமையாக்குகின்றனர்.

கலைஞனுக்குத் தான் கண்ட ஒருத்தியைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. ஒருத்தியின் கதை ஒரு சமூகத்தின் கதையாகிவிடுவது, அந்த ஒரு கதையைத் தவிர வேறு கதையே நம்மிடம் இல்லாதபோதுதான். கத்தோலிக்கக் குடிகாரன் ஒருவனைத் திரையில் கண்டால் கத்தோலிக்கர் யாவரும் குடிகாரர் என்று நாம் எண்ணுவதில்லை. நமக்கு வேறு ஆயிரம் கத்தோலிக்கரைத் தெரியும். ஆகவே ஒரு கதைக்கு மருந்து பல கதைகளே. அவற்றைச் சொல்லுதற்குரியவர் வாயிலிருந்து வரும் கதைகள்.

தன்மையில் பேசியோர்

அவை இல்லாமல் இல்லை. நாம் தேடவில்லை. நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரை. அவர் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ.வே.சாமிநாதையரின் பாராட்டுரை அந்நூலுக்குக் கிடைத்தது. தமிழ் நாவல் எழுதிய முதல் இஸ்லாமியப் பெண்மணி எனப் போற்றப்படும் அவர் 1998இல் மறைந்தார். பாக்தாத் அழகிகள் நம் திரையில் ஆடுவதற்கு 17 ஆண்டுகள் முன்பே நாகூர்ப் பெண்மணி ஒருவர் எழுதுகோல் ஏந்திவிட்டார். ஆடியவர்களை நாடு அறியும். எழுதியவரை அறிந்தவர் சிலரே.

1989 அக்டோபர் 6 அன்று இந்திய உச்சநீதிமன்றத்தின் முதற்பெண் நீதியரசராகப் பதவி ஏற்றவர் பாத்திமா பீவி. 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் அவர் விளங்கினார். சேலைத் தலைப்பால் தலையை மூடியவாறே அவர் அரசு விழாக்களில் அமர்ந்திருந்ததைத் தமிழ்நாடு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தித்தாளில் கண்டது. 2023 நவம்பரில் அவர் மறைந்தார். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, 2001இல் தம் ஊரின் பேரூராட்சித் தலைவரானார். 2025 சூலையில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவி ஏற்றார். ஒரு சமூகத்துப் பெண்ணைப் பற்றி நாம் கொண்ட சித்திரத்தில் ஒரு நீதியரசருக்கும் ஒரு நாவலாசிரியருக்கும் இடமில்லையெனில், குறை சித்திரத்தில் உள்ளது.

நாம் செய்யத்தக்கது

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகின்றது என்றும், அவர்கள் அன்னை மரியாவைப் போற்றுகின்றனர் என்றும் எடுத்துரைத்தது. திருக்குர்ஆனில் பெயர் சுட்டிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மரியாவே. அந்நூலின் 19ஆம் அதிகாரம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. வேளாங்கண்ணிக்கு வரும் இஸ்லாமியத் தாய்மாரும், நாகூருக்குச் செல்லும் கிறிஸ்தவரும் இதனை நூல் கற்காமலே அறிந்தவர்கள்.

மலையடிவாரத்து ஊர்களில் வாழ்வோர்க்கு இன்னொரு பாடமும் உண்டு. பேளுக்குறிச்சிச் சந்தை மளிகைச் சரக்குக்குப் பெயர் பெற்றது. மிளகு வாங்க வருபவர் பிறர் சொல்லைக் கேட்டு மூட்டையைத் தூக்கிச் செல்வதில்லை. கையில் அள்ளுகின்றார், முகர்கின்றார், ஒன்றைக் கடித்துப் பார்க்கின்றார், விற்பவரிடம் நாலு வார்த்தை பேசுகின்றார். ஒரு படி மிளகுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை ஒரு மனிதரைப் பற்றிய செய்திக்கு நாம் காட்டலாகாதா? கைப்பேசியில் வந்ததைப் படித்த நொடியிலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகின்றோமே!

பங்குகளில் உள்ள பெண்கள் அமைப்புகள் அருகிலுள்ள இஸ்லாமியப் பெண்களை ஒரு மாலை அழைத்து, அவர்கள் பேசக் கேட்கலாம். நாம் அவர்களுடைய அழைப்பை ஏற்றுச் செல்லலாம். பங்கு நூலகத்தில் சல்மாவுக்கும் தோப்பில் முஹம்மது மீரானுக்கும் ஓரிடம் தரலாம். மறைக்கல்வி வகுப்பில் படம் காட்ட விரும்பும் ஆசிரியர், காட்டப்படும் சமூகத்தார் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு இதனைக் காட்ட எனக்குத் துணிவு உண்டா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். அவர் முன்னிலையில் சொல்லக் கூசுவதை அவர் இல்லாதபோது சொல்வது புறங்கூறலே.

யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரியப் பெண்ணைச் சந்தித்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அவள் அயல் இனத்தாள், அயல் வழிபாட்டினள், வாழ்க்கை வரலாறும் சிக்கலானது. அவளைப் பற்றி யூதரிடையே ஆயத்தமான கருத்துகள் நிரம்ப இருந்தன. ஆண்டவர் அவளிடம் தண்ணீர் கேட்டுப் பேச்சைத் தொடங்கினார். அவள் எதிர்வினா தொடுத்தாள், வாதிட்டாள், எருசலேமா, கெரிசிம் மலையா என்று இறையியலே பேசினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் விடை பகர்ந்தார். ஊருக்குச் சென்ற சீடர் திரும்பி வந்து, அவர் ஒரு பெண்ணோடு பேசுவதைக் கண்டு வியந்தனர் என்கின்றது நற்செய்தி. வியந்த அச்சீடருள் எவரும் அவளோடு பேசியதாகச் செய்தி இல்லை. நாம் அவர்களைப் போல் வியந்து விலகி நிற்கப் போகின்றோமா, ஆண்டவரைப் போல் அமர்ந்து கேட்கப் போகின்றோமா?